தண்ணி மஞ்சளாயிடுச்சு மஹீரா

இனிமேல் நானாக மஹீராவுக்குப் போன் பண்ணுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

சாதாரண முடிவு இல்லை. கல்லில் செதுக்கிய முடிவு. நான் இருப்பது மாமல்லபுரத்தில். இங்கே கல்லுக்கும் பஞ்சமில்லை, செதுக்க ஆளுக்கும் பஞ்சமில்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள். ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு புருஷன். பெயர் தௌசிஃப். ஈ.சி.ஆர் ரோட்டில் கடலைப் பார்த்த ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை, கிளம்புகிற ஆட்களிடமெல்லாம் "தங்கினது வசதியா இருந்துச்சா சார்? ஏதாவது குறை உண்டா?" என்று கேட்பான். அவனை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க ஒருத்தி இருந்தாள், பொண்டாட்டி மஹீரா. அவளும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். அந்தப் புருஷன் நான்தான்.

ஏழாம் மாசம் அவளை அழைத்துப் போக செங்கல்பட்டிலிருந்து மாமனார் பஷீருதீனும் மாமியார் ஹபீபாவும் ஒரு வேன் நிறைய சொந்தத்தோடு வந்தார்கள். பூ வைத்தார்கள், வளையல் போட்டார்கள், சாப்பிட்டார்கள். கிளம்புகிற நேரத்தில் மாமனார் என் தோளில் கை வைத்தார்.

"மாப்புள, தனியா இருந்துக்குவீங்களா?"

கூடமே என் பக்கம் திரும்பியது. இத்தனை கண்கள் என்னைப் பார்த்தது கல்யாணத்தன்று. அன்றைக்கும் நான் உளறினேன்.

"அட, என்னா மாமா! தனியா இருக்கிறதுன்னா எனக்கு ஜாலி. ஃபேன் என் இஷ்டம். டிவி என் இஷ்டம். ராஜா மாதிரி இருப்பேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். மஹீரா மட்டும் சிரிக்கவில்லை. "மீனுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்" என்று உள் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. பாவம், அழுத கைக்குட்டையை உள்ளே திணித்திருக்கிறாள் என்று நினைத்தேன். வருத்தம்தான். கூடவே கொஞ்சம் கர்வம்.

மீன் என்றேன் அல்லவா? அதையும் சொல்லிவிடுகிறேன். மஹீராவோடு சீராக வந்தவை கட்டில், பீரோ, கிரைண்டர், அப்புறம் ஒரு கடல். அவள் விலங்கியல் படித்தவள். உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறாள். உள்ளே கல்லில் ஒட்டிக்கொண்டு பச்சைப் பொத்தான் பொத்தானாகப் பூக்கிற பவளம். ஒரே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. மூலையில் நின்றுகொண்டு என்னை முறைத்துப் பார்க்கும். அதனால் அதற்கு நான் வைத்த பெயர் மாமனார்.

எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருப்பது வீட்டுக்கார அம்மா ரெபேக்காள். தொட்டி வந்த நாளிலிருந்து அவருக்குத் தீராத ஆச்சரியம்.

"கடலு தோ கீது. நீங்க இன்னாடான்னா பாக்கெட் உப்பு வாங்கியாந்து வூட்டுக்குள்ள கரைச்சுகினு கீறீங்க. இன்னா தம்பி இது பேஜாரு?"

நான் உப்புப் பாக்கெட்டோடு மாடி ஏறிவிடுவேன்.

ராஜா வாழ்க்கை தொடங்கியது. டிவி என் இஷ்டம். போட்டேன், அணைத்தேன். ஃபேன் என் இஷ்டம். மஹீராவுக்கு மூணில் சுற்ற வேண்டும், எனக்கு அஞ்சில். இதற்காக நாங்கள் போட்ட சண்டைகள் ரெபேக்காள் அக்காவுக்கு மனப்பாடம். முதல் நாள் அஞ்சில் வைத்தேன். காற்று ஒரே இரைச்சலாக இருந்தது. இறக்கி மூணில் வைத்தேன். அப்புறம் ஏற்றவேயில்லை.

சோறு வடித்தால் ரெண்டு பேருக்கு ஆனது. அளவைக் குறைத்தேன். குழைந்து, ஒருத்தருக்கும் ஆகாமல் போனது.

நான் போன் பண்ணுவதில்லை என்று முடிவெடுத்ததால் மஹீராதான் பண்ணுவாள். எங்கள் உரையாடல் இப்படிப் போகும்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"இன்னா சாப்டீங்க?"

"சாப்பாடு."

"ம்."

"ம்."

"வச்சிடட்டுமா?"

"சரி."

முழுசும் இவ்வளவுதான். போனை வைத்த பிறகு ஆயிரம் விஷயம் வரும் வாயில். அதையெல்லாம் மாமனாரிடம் சொல்வேன். மீன் மாமனாரிடம். "சாப்டீங்களா மாமா? இன்னிக்கு ஓட்டல்ல ஒருத்தர் கடலை ஆஃப் பண்ண முடியுமான்னு கேட்டார் மாமா, சத்தத்துல தூக்கம் வரலையாம்." மாமனார் வாயைத் திறந்து திறந்து மூடுவார். நிஜ மாமனாரும் அப்படித்தான். பதில் வருகிற மாதிரியே இருக்கும், வராது.

குறை என்னவென்றால், எனக்குப் பேச ஒரு விஷயம் வேண்டும். சும்மா பேசத் தெரியாது. நீ இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் வேன் நிறைய சொந்தத்தின் முன்னால் ராஜா என்று சொன்னவன், எப்படி வாய் திறப்பது? செங்கல்பட்டு பஸ்ஸில் ஒரு மணி நேரம். ரோஷத்தில் ஆயிரம் மைல். கூப்பிடாமல் மாமியார் வீட்டுக்குப் போய் நின்றால் என்ன ஆகும்? "இன்னா மாப்புள, ராஜாவுக்கு சோறு கெடைக்கலையா?" என்று மச்சான்மார்கள் பேரன் காலம் வரை கேட்பார்கள்.

இப்படியே நாள் ஓடிக்கொண்டிருக்கையில்தான் அந்த நல்ல காரியம் நடந்தது. தொட்டித் தண்ணீர் மஞ்சளானது.

முதலில் பல்பு என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். என் கண்ணைத் துடைத்தேன். மஞ்சள்தான். துள்ளிக் குதித்தேன். பேச விஷயம் கிடைத்துவிட்டது! கல்லில் செதுக்கிய முடிவை அப்படியே ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"மஹீரா! தண்ணி மஞ்சளாயிடுச்சு!"

"நெசமாவா?" அவள் குரலும் நிமிர்ந்து உட்கார்ந்தது. "வெள்ளைத் தட்டு ஒண்ண உள்ள விட்டுப் பாருங்க. தட்டு வெள்ளையாத் தெரியுதா, பழுப்பாத் தெரியுதா?"

"விட்டுட்டேன். பழைய சட்டை காலர் மாதிரி தெரியுது."

"அப்ப மஞ்சள்தான். மீனு கழிவு, பாசிக் கழிவு எல்லாம் தண்ணில கரைஞ்சா அப்படி ஆவும். பயப்படாதீங்க. தொட்டிக்குக் கீழ அலமாரியத் திறங்க. மூணு டப்பா இருக்கும்."

இருந்தது. ஒன்றில் மிளகு மாதிரிக் கரி. ஒன்றில் துரு மாதிரிச் சிவப்புக் குருணை. ஒன்றில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளைப் பிசின் மணி.

"எதைப் போடணும்?"

"அதைத்தான் யோசிக்கணும்" என்றாள். யோசித்தாள். அல்ஹம்துலில்லாஹ், என்ன அழகான யோசனை! கரி மஞ்சளை இழுக்கும், வாடையையும் இழுக்கும். ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணி திடீரென்று தெளிந்து, பவளத்துக்கு வெளிச்சம் தாங்காது. சிவப்புக் குருணை பாஸ்பேட்டை இழுக்கும். அதுவும் அதிகமானால் ஆபத்து.

"அழுக்கு போறது நல்லதுதானே?"

"முழுசாப் போயிட்டா பவளம் வெளுத்துப் போயிடும்ங்க. அதுக்கும் தின்ன கொஞ்சம் வேணும்ல? பளபளன்னு தொடைச்சு வெச்ச வூட்டுல எது உசுரோட இருக்கும்?"

நான் என் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது.

"வெள்ளை மணி?"

"அதுவும் மஞ்சளுக்குத்தான். ஆனா அழுக்கானதும் ப்ளீச்சிங்ல ஊற வெச்சு திரும்பக் கழுவணும். கொஞ்சம் ப்ளீச்சிங் தங்கிட்டாலும் மாமனார் மௌத்து."

"எந்த மாமனார்?"

"உங்க மாமனார்."

"ஒரு மாமனார்தானே இருக்கார் இங்க" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாச்சு!

கடைசியில் கரி என்று தீர்ப்பானது. கழுவி, கறுப்புத் தண்ணி போகிறவரை கழுவி, வலைப் பையில் கட்டி, கீழே வடிகட்டுகிற சின்னத் தொட்டியில் தண்ணி ஓடுகிற இடத்தில் வைக்க வேண்டும்.

"வலைப் பை பழசு ஒண்ணு இருக்குமே? நம்ம கொசுவலைய வெட்டி, நீல நூல்ல நீ தைச்சியே? காணோமே."

"பழசெல்லாம் எதுக்கு?" என்றாள் சட்டென்று. "டிராயர்ல புதுசு இருக்கு, அதை எடுங்க."

எடுத்தேன், வைத்தேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

என் நெஞ்சில் இடி விழுந்தது. ஒரே ராத்திரியில் கரி தன் வேலையைக் காட்டிவிட்டது. தண்ணி தெளிஞ்சிடுச்சு என்று சொன்னால் அவள் என்ன சொல்வாள்? "சரி, வச்சிடட்டுமா?" என்பாள். திரும்பவும் சாப்டீங்களா, சாப்பாடு, ம், ம்.

சாயங்காலம் போன் வந்தது.

"இன்னா ஆச்சு?"

"அப்படியேதான் இருக்கு" என்றேன். "இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஜாஸ்தி ஆன மாதிரி கூட இருக்கு."

"அப்படி…யா?" என்று இழுத்தாள். "அப்ப கரி வேலை செய்யலை. போட்டோ அனுப்புங்க."

மஞ்சள் பல்பு மாட்டி, தட்டை அதன் கீழே பிடித்துப் படம் எடுத்தேன். அனுப்பினேன். அன்றிலிருந்து தினமும் ஆராய்ச்சி. சாயங்காலம் ஆனால் அவள் கேட்பாள், நான் சொல்வேன், முடிவெடுக்க மாட்டேன். புடவைக் கடையில் கடை மூடும் வரைக்கும் பிரித்துப் பார்க்கிற கூட்டம் உண்டு இல்லையா? அந்த மாதிரி. கரியா, பிசினா? பிசின் என்றால் எவ்வளவு? சிவப்பைக் கொஞ்சம் சேர்க்கலாமா? நடுநடுவே வேறு பேச்சும் வந்தது. குழந்தை உதைக்கிறதாம். புளிப்பு மாங்காய் கேட்கிறதாம் வாய். மாமியார் வெங்காயம் நறுக்கும் போதெல்லாம் பழைய சண்டைகளைச் சொல்லி அழுகிறாராம். எல்லாம் கரிக்கும் பிசினுக்கும் நடுவில் வந்தது. முடிக்கும்போது மட்டும் மஹீரா ஒரு கேள்வி கேட்பாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல வாயைத் திறப்பேன்.

"இல்ல… கரி எத்தனை கிராம்னு கேக்கலாம்னு…"

"ம்" என்பாள்.

ஒருநாள் மாடிப்படியில் ரெபேக்காள் அக்கா வழிமறித்தார்.

"இன்னா தம்பி, சாயங்காலமானா கரி கரின்னு கத்திகினு கீற? இஸ்திரிக் கடை வெக்கப் போறியா?"

"இல்லக்கா. மஹீராகிட்ட பேசிட்டு இருந்தேன்."

"பொண்டாட்டிகிட்டயா?" கன்னத்தில் கை வைத்தார். "மாசமா கீற பொண்ணாண்ட பேச ஒனக்கு வேற இன்னாவும் கெடைக்கலையா?"

நான் சாவியைத் தேடுகிற மாதிரி மேலே ஏறினேன்.

வினை வந்தது வியாழக்கிழமை, நிஜ மாமனாரின் கடை வேனில். "அத்தா கடை வேன் மாமல்லபுரம் வருது" என்றாள் மஹீரா. "டிரைவர் துரைகிட்ட ஒரு பாட்டில் தண்ணி குடுத்தனுப்புங்க. டெஸ்ட் கிட் என்கூடத்தான் இருக்கு. பாத்துட்டு சொல்றேன்."

"டெஸ்ட் கிட்டை ஏன் எடுத்துட்டுப் போன?"

"உங்களுக்கு இன்னா தெரியும் அதுல?"

நியாயமான கேள்வி. ஆனால் தொட்டியில் இருப்பது பளிங்குத் தண்ணீர். மஞ்சளுக்கு எங்கே போவேன்? வாசலில் துரை ஹாரன் அடிக்கிறார். அடுப்பில் டீ கொதிக்கிறது. மனுஷனுக்கு அவசரத்தில் தோன்றுகிற புத்தி இருக்கிறதே! பாட்டிலில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, பால் கலக்காத டீயை ரெண்டு ஸ்பூன் விட்டேன். குலுக்கினேன். நல்ல மஞ்சள். நானே நம்பிவிட்டேன்.

துரை பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பாய், வூட்டுக்கு டீ குடுத்தனுப்புறீங்களா?"

"மீன் தண்ணி."

"சர்க்கரை போட்டாச்சா?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் போன். நானே முந்திக்கொண்டேன்.

"பாத்தியா? மஞ்சளா இல்ல?"

"மஞ்சளாத்தான் இருக்கு" என்றாள். ரொம்பப் பொறுமையான குரல். எனக்கு அந்தக் குரல் தெரியும். புயலுக்கு முந்தின கடல். "ஒரு விஷயம் கேக்கட்டுமா?"

"கேளு."

"தண்ணில ஏலக்காய் வாசனை வருதே."

தொட்டியிலிருந்து மாமனார் என்னை முறைத்தார்.

"இஞ்சியும் இருக்கு" என்றாள்.

"பாட்டில்… பழைய பாட்டில்…"

"அம்மாகிட்டயும் மோந்து பாக்கச் சொன்னேன். மாப்புள டீ நல்லாப் போடுறாருன்னு சொல்றாங்க."

பூமி பிளக்கவில்லை. பிளந்திருக்கலாம்.

"ஏலக்காய்க்கெல்லாம் கரி பத்தாதுங்க" என்றாள் மஹீரா, டாக்டர் மாதிரி. "போன்ல சொல்ற கேஸ் இல்ல இது. நேர்ல பாக்கணும். நாளைக்கு லீவுதானே? ஜும்மா முடிச்சிட்டு நல்ல தொட்டித் தண்ணியா ஒரு பாட்டில் எடுத்துட்டு நீங்களே வந்திடுங்க."

கூப்பிட்டுவிட்டாள்! மானம் ஒரு பக்கம் போனாலும் அழைப்பு ஒரு பக்கம் வந்துவிட்டது. நான் பொண்டாட்டியைப் பார்க்கப் போகவில்லை. தண்ணி காட்டப் போகிறேன். எந்த மச்சான் என்ன கேட்க முடியும்?

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோர சீட். பாட்டில் மடியில். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். 'நீ இல்லாம வூடு வூடாவே இல்ல, மஹீரா.' நல்ல வாக்கியம். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. மலை உச்சியைப் பார்த்தேன். முன்னெல்லாம் அங்கே சோறு வைத்தால் கழுகு இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகுமாம். இப்போது வருவதில்லை. வராத கழுகுக்குச் சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். ரெண்டு பேருக்கு வடித்த சோறு ஞாபகம் வந்தது. உதடு அசைந்திருக்க வேண்டும்.

"இன்னாபா, பேசிக்கினே வர?" என்றார் கண்டக்டர். "செங்கல்பட்டு வந்தா சொல்றேன், தூங்கு."

மாமியார் வீட்டு வாசலில் என் செருப்புக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே பிரியாணி வாசனை. கொடியில் இஸ்திரி போட்ட ஒரு கைலி. என் அளவு. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வாங்க மாப்புள" என்றார் மாமியார். "தண்ணி எங்க?"

அறை வாசலில் மஹீரா நின்றாள். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. வயிறு நிறைய வளர்ந்திருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாக்கியம் தயார். வாயைத் திறந்தேன்.

"தண்ணி கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

"ஃபிரிட்ஜ்ல வைங்க மாப்புள, வெயில்ல கெட்டுடப் போவுது" என்றார் மாமியார் அடுப்படியிலிருந்து.

ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில் கருவாட்டு டப்பா. கோவளத்துக் கருவாடு, நிஜ மாமனாருக்கு உயிர். ஆனால் வாடையே இல்லை. டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை உட்கார்ந்திருந்தது. கொசுவலையை வெட்டித் தைத்த பை. நீல நூல்.

அப்படியே குனிந்தபடி நின்றேன். குளிர் முகத்தில் அடித்தது. நனைந்த கைப்பை ஞாபகம் வந்தது. அழுத கைக்குட்டையாம்!

"மஹீரா, இது…"

"கரி."

"எந்தக் கரி?"

"நம்ம கரிதான். கிளம்புற அன்னிக்கு எடுத்தது."

"ஏன்?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ராஜா மாதிரி இருப்பேன்னீங்க. ராஜா என்னிக்குப் போன் பண்ணுவாரு? கரிய எடுத்துட்டா தண்ணி மஞ்சளாவும். மஞ்சளானா நீங்க பேசுவீங்க. சும்மா பேசுங்கன்னா சாப்பாடும்பீங்க."

"பவளத்துக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"மஞ்சத் தண்ணில அதுக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத் தெரியாதா?" சிரித்தாள். "புதுக் கரி போட்ட மறுநாளே தெளிஞ்சிருக்கும்னும் தெரியும்."

"அப்ப, அதுக்கப்புறம் நான் பேசினதெல்லாம்…"

"நல்லாருந்துச்சு" என்றாள்.

ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தேடினேன். திருக்கழுக்குன்றத்திலேயே இறங்கிவிட்டது போலிருக்கிறது.

"நீ இல்லாம…" என்று ஆரம்பித்தேன். "நீ இல்லாம… ஃபேனை மூணுலதான் வெச்சிருக்கேன்."

மஹீரா தலையைக் குனிந்து வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள். பிறகு கீழே தள்ளினாள். அவ்வளவு நேரம் ஃபிரிட்ஜ் கதவு திறந்தே இருந்தது.

சாயங்காலம் கிளம்பினேன். மறுநாள் டியூட்டி. வாசல் வரை வந்தவள் காதோடு சொன்னாள்.

"வூட்டுக்குப் போனதும், இப்ப போட்டிருக்கீங்களே அந்தக் கரியையும் எடுத்துடுங்க. பிரசவத்துக்கு இன்னும் நாள் கெடக்கே."

நான் தலையாட்டி முடிப்பதற்குள், அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் கணீரென்று வந்தது.

"எடுத்தா தூக்கிப் போட்டுடாதீங்க மாப்புள! காய வெச்சுக் குடுத்தனுப்புங்க, பீரோவுக்கு ஒண்ணு வேணும்."